பன்றிக்கு மயக்க ஊசி போடுவதற்கு முன்

போன வருடம் சித்திரை மாதம், அக்னி நட்சத்திரம் தொடங்கிய மூன்றாம் நாள். மத்தியானம் பன்னிரண்டரை மணி இருக்கும். எங்கள் கொட்டகையில் 30 கிலோ எடையுள்ள ஆண் பன்றிக்குட்டி ஒன்று செத்துப்போனது. நோய் எதுவும் இல்லை. நான் கூப்பிட்ட ஆள், நான் காசு கொடுத்துப் போடச் சொன்ன ஊசி, நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கும்போது செத்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வங்கியில் 34 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஒரத்தநாட்டுப் பக்கம் அப்பா வைத்துவிட்டுப்போன நிலத்தில் தூயமல்லியும் மாப்பிள்ளைச் சம்பாவும் போடுகிறேன். இரண்டு மாடு, ஒரு குளம், நான்கு தாய்ப் பன்றி. "ஆபீசரா இருந்துட்டு இப்ப பன்னி மேய்க்கிறாரா?" என்று ஊரில் முகம் சுளித்தவர்கள் உண்டு. மட்கிய பன்றி எரு வயலில் என்ன செய்கிறது என்று இரண்டு போகம் பார்த்த பிறகு அந்தப் பேச்சு குறைந்தது. நம் வாசகர்களில் பலர் வெண்பன்றியை ஒருங்கிணைந்த பண்ணையில் சேர்த்துக்கொண்டு வருகிறீர்கள். உங்கள் கொட்டகையிலும் ஒருநாள் மயக்க ஊசி தேவைப்படும். அன்றைக்கு இந்தக் கட்டுரை நினைவுக்கு வந்தால் போதும்.

நடந்தது இதுதான்

அந்தக் குட்டிக்கு விரைப்பையில் குடலிறக்கம். குடல் சரிந்து பைக்குள் இறங்கி, தேங்காய் அளவு வீங்கித் தொங்கும். சாதாரணமாகக் காயடிப்பதுபோல் அறுத்தால் குடல் வெளியே வந்துவிடும். மயக்கம் கொடுத்து, குடலை உள்ளே தள்ளி, துவாரத்தைத் தைத்துவிட்டுத்தான் காயடிக்க வேண்டும். வழக்கமாக வரும் டாக்டரம்மா வெளியூர் போயிருந்தார்கள். "ரெண்டு நாள் பொறுங்க சார், வந்துடுறேன்" என்றார்கள். எனக்குப் பொறுமை இல்லை. மாட்டுக்கு ஊசி போட்டுப் பழக்கப்பட்ட ஒருவரைக் கூப்பிட்டேன்.

"எம்மாம் பெரிய மாட்டையே படுக்க வெச்சிடும் சார் இந்த மருந்து. இந்தக் குட்டி எம்மாத்திரம்? பாதி போட்டா போதும்" என்றார். பாதி போட்டார். பத்து நிமிடம் ஆகியும் குட்டி தள்ளாடியதே தவிர படுக்கவில்லை. மறுபடி பாதி. பிடிக்கப் போனால் ஓடியது. ஆள்கள் நான்கு பேர் கொட்டகைக்குள் துரத்தினோம். அது கத்திய கத்தல் தெருமுனை வரை கேட்டது. பிடித்து அமுக்கி, வேறொரு புட்டியிலிருந்து மூன்றாவது ஊசி. "என்ன மருந்து?" என்றேன். "நல்ல மருந்துதான் சார்" என்றார். குட்டி விழுந்தது. மல்லாக்கப் போட்டுக் காலைக் கட்டினோம். ஐந்தாறு நிமிடத்தில் காது ஓரம் நீலம் பாய்ந்தது. மூச்சு விட்டுவிட்டு வந்தது, பிறகு நின்றது. கத்தியைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

இரண்டு நாள் கழித்து டாக்டரம்மா வந்தார்கள். முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "சார், நீங்க பேங்க்ல இருந்தப்ப, ஆளையும் பாக்காம, வருமானத்தையும் பாக்காம லோன் குடுத்திருப்பீங்களா?" எடை போட்டீர்களா, காய்ச்சல் பார்த்தீர்களா, காலையில் தீனி வைத்தீர்களா என்று அடுத்தடுத்து கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் என்னிடம் தப்பான பதில்தான் இருந்தது.

அன்றைக்கு அவர்கள் திண்ணையில் உட்கார்ந்து விளக்கியதையும், பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன். நாமெல்லாம் மயக்க ஊசி என்றால் மூளைக்குப் போடுகிற ஊசி என்று நினைக்கிறோம். மருந்து மூளைக்குப் போவது உண்மைதான். போகிற வழியில் இதயத்தையும் இரத்தக் குழாய்களையும் அது தொடாமல் போவதில்லை. மயக்கத்தில் சாகிற பிராணி பெரும்பாலும் மூச்சு குறைந்தோ இரத்த ஓட்டம் படுத்தோதான் சாகிறது.

புது ஆறும் இரத்த ஓட்டமும்

இரத்த அழுத்தம் என்றால் என்ன என்று டெல்டாக்காரனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. புது ஆறு என்று நாம் சொல்கிற கல்லணைக் கால்வாயை எடுத்துக்கொள்ளுங்கள். ஆற்றில் எவ்வளவு உயரம் தண்ணீர் நிற்கிறது என்பது இரண்டு விஷயத்தைப் பொறுத்தது. தலைப்பில் எவ்வளவு திறந்து விடுகிறார்கள் என்பது ஒன்று. வழியில் இருக்கிற மதகுகள் எவ்வளவு திறந்திருக்கின்றன, எவ்வளவு மூடியிருக்கின்றன என்பது இன்னொன்று. எல்லா மதகையும் இறக்கிவிட்டால் ஆறு தளும்பும், ஆனால் வயல் காயும். எல்லா மதகையும் தூக்கிவிட்டால் ஆற்று மட்டம் இறங்கும், பேராவூரணி கடைமடைக்குச் சொட்டுத் தண்ணீர் போகாது.

உடம்பில் தலைப்பு இதயம். ஒரு நிமிடத்துக்கு எத்தனை தடவை துடிக்கிறது, ஒவ்வொரு துடிப்புக்கும் எவ்வளவு தள்ளுகிறது என்பதுதான் திறப்பு. மதகுகள் சின்னச் சின்னத் தமனிகள். அவை சுருங்கும், விரியும். ஆற்று மட்டம்தான் இரத்த அழுத்தம். மட்டத்தைப் பார்த்துச் சொல்கிற லஸ்கர்களும் உண்டு. கழுத்திலும் இதயத்திலிருந்து கிளம்பும் பெருங்குழாயிலும் அழுத்தத்தை அளக்கிற நரம்பு முனைகள் இருக்கின்றன. மட்டம் ஏறினால் "திறப்பைக் குறை" என்று மூளைக்குச் சேதி போகும், இதயம் மெதுவாகும். மட்டம் இறங்கினால் "கூட்டு" என்று போகும், இதயம் வேகமாகும்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. ஆறு தளும்புவதை வைத்து வயல் நனைந்தது என்று சொல்ல முடியாது. அதேபோல அழுத்தம் நன்றாக இருப்பதை வைத்து மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் இரத்தம் போகிறது என்று சொல்ல முடியாது.

பன்றியின் இதயம்

பன்றி இதயம் மனித இதயத்துக்கு ரொம்ப நெருக்கமானது. இதய வால்வுக்குப் பன்றி வால்வைப் பல வருடமாகப் பொருத்துகிறார்கள். 2022 ஜனவரியில் அமெரிக்காவின் மேரிலாண்டில் மரபணு மாற்றிய பன்றியின் முழு இதயத்தையே ஒரு மனிதருக்கு வைத்தார்கள். அதனால் மயக்க மருந்து பன்றி இதயத்தை என்ன செய்கிறது என்பதை உலகம் முழுக்க ஆராய்ந்து வைத்திருக்கிறார்கள். நமக்கு வேண்டியது அதில் நான்கு விஷயம்.

முதலாவது, உடம்புக்குப் பன்றி இதயம் சின்னது. இறைச்சிக்காகத் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்துச் சதையைக் கூட்டினோம், இதயம் அந்த அளவுக்குக் கூடவில்லை. 100 கிலோ பன்றியின் இதயம் கிட்டத்தட்ட 300, 350 கிராம். 65 கிலோ மனிதனின் இதயமும் ஏறக்குறைய அதே அளவுதான். சின்ன மோட்டாரில் பெரிய தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற மாதிரி. சாதாரண நாளில் சமாளிக்கும். கூடுதல் பாரம் வந்தால் கையில் இருப்பு கிடையாது.

இரண்டாவது, பன்றி இதயம் ஆக்சிஜன் குறைவைத் தாங்காது. இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்களுக்கு இடையே மாற்று வழி பன்றிக்கு ரொம்பக் குறைவு. கொஞ்சம் தட்டுப்பட்டாலும் தாளம் தப்பி, துடிக்காமல் நடுங்க ஆரம்பித்துவிடும். நடுங்குகிற இதயம் இரத்தத்தைத் தள்ளாது.

மூன்றாவது, பன்றிக்கு வேர்வை வழியாகச் சூட்டை வெளியேற்ற வழியில்லை. சேற்றில் புரள்வதும் வேகமாக மூச்சு வாங்குவதும்தான் அதன் வழி. மயக்கத்தில் கிடக்கும் பன்றி இரண்டையும் செய்ய முடியாது.

நான்காவது, இரத்தம் குறைவு. கிலோவுக்குச் சுமார் 65 மில்லி. 30 கிலோ குட்டியின் மொத்த இரத்தமும் இரண்டு லிட்டருக்குள்தான்.

எந்த மருந்து என்ன செய்கிறது?

*சைலசின்.* மாட்டுக்குப் போடுகிறவர்கள் பையில் இருப்பது இதுதான். போட்டவுடன் முதலில் மதகுகளை இறுக்குகிறது, அழுத்தம் ஏறுகிறது. லஸ்கர் உடனே சேதி அனுப்ப, இதயம் மெதுவாகிறது. சில சமயம் இதயத்தின் மேல் அறையிலிருந்து கீழ் அறைக்குக் கட்டளை போகாமல் நடுவில் ஒரு துடிப்பு தப்பும். கொஞ்ச நேரம் கழித்து இரண்டாம் கட்டம். மூளையிலிருந்து வரும் உந்துதல் குறைந்து மதகுகள் தளர்கின்றன. இதயமோ இன்னும் மெதுவாகத்தான் ஓடுகிறது. திறப்பும் குறைவு, மதகும் தளர்வு, ஆகவே அழுத்தம் இறங்குகிறது.

இதில் மாட்டுக்கும் பன்றிக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் உண்டு. சைலசினுக்கு மாடு மிகவும் எளிதில் மடங்கும், பன்றி லேசில் மடங்காது. மாட்டுக்குக் கிலோவுக்கு 0.1 மி.கி. அளவே நன்றாக வேலை செய்யும். பன்றிக்கு மற்ற மருந்தோடு சேர்த்தே 2 மி.கி. வரை கொடுக்கிறார்கள், அதாவது சுமார் 20 மடங்கு. (நீங்கள் போட்டுக்கொள்வதற்காக இந்தக் கணக்கைச் சொல்லவில்லை. மாட்டுக் கணக்கு பன்றிக்கு ஆகாது என்று புரிவதற்காக மட்டும்.) 300 கிலோ மாட்டுக்கு 30 மி.கி. என்றால் அதில் பாதி 15. எங்கள் 30 கிலோ குட்டிக்கு அது கிலோவுக்கு அரை மி.கி. தூங்க வைக்கப் போதாது, இதயத்தை மெதுவாக்க ஆரம்பிக்கப் போதும்.

*கெட்டமின்.* சைலசினும் கெட்டமினும் ஒரே வருடத்தில், 1962-இல், பிறந்தவை. அது ஜெர்மனியில், இது அமெரிக்காவில். கெட்டமின் மற்ற மயக்க மருந்துகளுக்கு நேர் எதிராக நடக்கும். இதயத்தை வேகப்படுத்தும், அழுத்தத்தைக் கூட்டும், சரியான அளவில் மூச்சையும் பெரிதாக அமுக்காது. தனியாகப் போட்டால் தசை விறைக்கும், எழும்போது உதறித் துள்ளும்.

கெட்டமின் இதயத்துக்கு நல்லது என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. மருந்து தானாக இதயத்துக்குப் பலம் தருவதில்லை. உடம்பு ஆபத்துக்கென்று சேர்த்து வைத்திருக்கும் அட்ரீனலின் வகைச் சுரப்புகளை எடுத்துச் செலவு செய்ய வைக்கிறது. இதயத் தசையின் மீது கெட்டமினின் நேரடி வேலை அமுக்குவதுதான், இந்தச் செலவு அதை மறைத்துவிடுகிறது. வங்கிக் கணக்கில் சேமிப்பு இருக்கிற வரை செக் பாஸாகும். ஓடி, கத்தி, பயந்து, வெயிலில் களைத்த பன்றி சேமிப்பையெல்லாம் ஏற்கெனவே காலி செய்துவிட்டது. அதற்குக் கெட்டமின் போட்டால் மறைந்திருந்த அமுக்கம் வெளியே வரும், அழுத்தம் ஏறுவதற்குப் பதில் விழும்.

*இரண்டும் சேர்த்து.* ஒன்று மெதுவாக்கும், ஒன்று வேகப்படுத்தும். ஒன்று தசையைத் தளர்த்தும், ஒன்று விறைக்க வைக்கும். அதனால்தான் சேர்த்துப் போடுகிறார்கள். பல சமயம் டயசிபாம் அல்லது மிடசோலாமும் சேர்ப்பார்கள். அவை இதயத்தை அதிகம் தொந்தரவு செய்யாமல் தசையைத் தளர்த்தும். இந்தக் கூட்டணி நம் ஊர் நிலைமைக்குத் தோதானதுதான். ஆனாலும் இதயம் ஒரு நிமிடத்தில் தள்ளுகிற இரத்தம் சாதாரண நாளைவிடக் குறையவே செய்யும்.

*தயோபென்டோன்.* மேட்டூர் அணை கட்டி முடிந்த அதே 1934-இல் மனிதர்களுக்கு முதன்முதலாகக் கொடுக்கப்பட்ட பழைய மருந்து. காது நரம்பில், மெதுவாக, நிபுணர் கையால் மட்டும். இதயத் தசையின் பலத்தைக் குறைக்கும். இரத்தம் திரும்பி இதயத்துக்கு வரும் குழாய்களைத் தளர்த்தி அங்கேயே தேங்க வைக்கும். வேகமாகத் தள்ளினால் மூச்சு நிற்கும். நரம்புக்கு வெளியே ஒழுகினால் அந்த இடத்துச் சதையே அழுகும்.

*புரோபோஃபால்.* பால் மாதிரி வெள்ளையாக இருக்கும், ஆஸ்பத்திரிகளில் பார்த்திருப்பீர்கள். மதகுகளை விரித்து அழுத்தத்தை இறக்கும். அதோடு லஸ்கரையும் பாதி தூங்க வைத்துவிடும். மட்டம் இறங்கினாலும் "திறப்பைக் கூட்டு" என்ற சேதி சரியாகப் போகாது, இதயம் ஈடுகட்டாது. மூச்சுக்குழாயில் குழாய் வைத்து ஆக்சிஜன் கொடுக்க வசதியுள்ள இடத்துக்குத்தான் இது.

*அசப்பெரோன்.* வெளிநாடுகளில் புதுப் பன்றிகளை ஒரே கொட்டகையில் விடும்போது சண்டையைத் தடுக்கப் போடுவது. அமைதிப்படுத்தும், மயக்காது. மதகுகளை விரிப்பதால் அழுத்தம் இறங்கும். தோலுக்கு இரத்தம் கூடுதலாக வந்து உடல் குளிரும்.

*அட்ரோபின்.* மயக்க மருந்து இல்லை, எச்சிலைக் குறைக்கவும் இதயம் ரொம்ப மெதுவாகாமல் இருக்கவும் கொடுப்பது. சைலசின் மதகுகளை இறுக்கி வைத்திருக்கிற நேரத்தில் இதைக் கொடுத்தால் மூடிய மதகை எதிர்த்து இதயம் வேகமாக இறைக்க வேண்டியிருக்கும். அதனால் எப்போது, எவ்வளவு என்பது டாக்டரின் முடிவு.

*லிக்னோகெயின்.* அறுக்கும் இடத்தை மட்டும் மரக்க வைப்பது. சின்னக் குட்டிகளைக் காயடிக்க பெரும்பாலும் இது போதும், இதயத்துக்கும் தொந்தரவு குறைவு. ஆனால் ஒன்றரைக் கிலோ குட்டிக்குக் கை தாராளமாகப் போனால் இதுவும் இதயத்தின் மின் ஓட்டத்தைத் தடுக்கும்.

எங்கள் குட்டி ஏன் செத்தது?

வெட்டிப் பார்க்காமல் இதுதான் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்றுதான் டாக்டரம்மா ஆரம்பித்தார்கள். ஆனால் ஒவ்வொன்றாக அடுக்கியபோது காரணத்துக்குப் பஞ்சமே இல்லை.

முதல் ஊசி போதாமல் போனது. ஆனால் இதயத்தை மெதுவாக்கத் தொடங்கிவிட்டது. அரைமயக்கத்தில் துரத்தினோம். ஓடுகிற உடம்பு இதயத்தை வேகமாக ஓடச் சொல்கிறது, மருந்து மெதுவாக ஓடச் சொல்கிறது. சின்ன இதயத்துக்கு இரண்டு எஜமான். அக்னி நட்சத்திரத்து மத்தியானத்தில், தகரக் கூரைக்குக் கீழே, உடம்பு கொதிக்கிறது. சூடு ஏற ஏற ஒவ்வொரு தசையும் கூடுதல் ஆக்சிஜன் கேட்கும். காலையில் தவிடும் கஞ்சியும் வயிறு முட்டக் குடித்திருந்தது. மல்லாக்கப் போட்டபோது அந்த வயிறு நெஞ்சை அழுத்தி மூச்சைக் குறைத்தது. முதுகெலும்பை ஒட்டி இரத்தம் திரும்பி வரும் பெரிய குழாயையும் நசுக்கியது. திரும்பி வராத இரத்தத்தை இதயம் எப்படித் தள்ளும்? இதற்கு மேல் பெயர் தெரியாத மூன்றாவது ஊசி.

ஊசி போட்ட இடமும் தப்பு. தொடையில், குட்டையான ஊசியால் குத்தினார். பன்றிக்குத் தோலுக்கடியில் கொழுப்பு தடிமன். மருந்து கொழுப்பில் தங்கினால் மெதுவாகத்தான் இரத்தத்தில் சேரும். வேலை செய்யவில்லையே என்று மறுபடி போடுவோம். பிறகு எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் இதயத்துக்கு வந்து சேரும். காதுக்குப் பின்னால், கழுத்துச் சதையில், நீளமான ஊசியால் போடுவதுதான் முறை.

துரத்தலே கொல்லும்

சில பன்றிகளுக்குப் பிறவியிலேயே ஒரு குறை உண்டு. தசைக்குள் சுண்ணாம்புச் சத்தைத் திறந்துவிடும் கதவு ஒன்று ஒழுங்காக மூடாது. இதற்குக் காரணமான மரபணு மாற்றத்தை 1991-இல் கண்டுபிடித்தார்கள். பியட்ரெய்ன், லேண்ட்ரேஸ் இனங்களில் இது அதிகம் காணப்பட்டது. நம் பக்கம் அதிகம் வளர்க்கும் லார்ஜ் ஒயிட் யார்க்ஷயரில் குறைவு. இந்தக் குறை உள்ள பன்றி ஹாலோதேன் போன்ற மூச்சு வழி மயக்க மருந்தை இழுத்தால் உடம்பு மரக்கட்டையாக விறைத்து, சூடு 42 டிகிரி செல்சியஸைத் தாண்டி, தோல் திட்டுத்திட்டாகச் சிவந்து நீலமாகி, இதயம் தறிகெட்டு ஓடிச் செத்துவிடும். ஊசி வழி மருந்துகளான கெட்டமினும் தயோபென்டோனும் இதைத் தூண்டுவதில்லை, அந்த வகையில் ஊசி பாதுகாப்பானது. ஆனால் துரத்துவதும் அமுக்குவதும் வண்டியில் அடைத்து வெயிலில் நிறுத்துவதும் இதே விளைவைத் தூண்டும். குறை இல்லாத பன்றியும் வெக்கையில் துரத்தப்பட்டால் தாங்காது.

நாம் செய்ய வேண்டியது

ஊசி போடுவது டாக்டரின் வேலை. கெட்டமின் மருந்துச் சட்டத்தின் எக்ஸ் அட்டவணையில் இருக்கிற மருந்து, கடையில் நாம் வாங்கி வைக்கக் கூடாது. நம் தஞ்சை மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரத்தநாட்டில் 2012-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. ஆனால் டாக்டர் வருவதற்கு முன்பும் போன பின்பும் செய்ய வேண்டியது நம் கையில் இருக்கிறது.

1. எடை போடுங்கள். கண் மதிப்பு வேண்டாம். என் கண் மதிப்பு ஒரு தடவை 8 கிலோ தவறியது. தராசு இல்லையென்றால் நெல் மூட்டைத் தராசில் சாக்கோடு தூக்கிப் பாருங்கள்.

2. விடியற்காலையில் வேலையை வையுங்கள். ஆறு மணிக்கு ஆரம்பித்து எட்டுக்குள் முடிய வேண்டும். சித்திரை, வைகாசியில் அவசரமில்லாத அறுவையைத் தள்ளிப் போடுங்கள்.

3. வளர்ந்த பன்றிக்கு முந்தின இரவுத் தீனியோடு நிறுத்துங்கள், தண்ணீர் இருக்கட்டும். பால் குடிக்கிற சின்னக் குட்டியைப் பட்டினி போடாதீர்கள், சர்க்கரை இறங்கிவிடும். எத்தனை மணி நேரம் என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

4. முதல்நாளே தனிக் கொட்டடியில், நிழலில் விடுங்கள். ஊசி போட்ட பிறகு பத்து, பதினைந்து நிமிடம் யாரும் கிட்டே போக வேண்டாம், பேச வேண்டாம். அது தானாகப் படுக்க வேண்டும்.

5. ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பாருங்கள். 38.5 முதல் 39.5 டிகிரி செல்சியஸ் சாதாரணம். 40-ஐத் தாண்டியிருந்தால் அன்றைக்கு வேண்டாம்.

6. முடிந்தவரை பக்கவாட்டில் படுக்க வையுங்கள். மூக்கு கொஞ்சம் தாழ்ந்திருந்தால் எச்சில் வெளியே வடியும். நாக்கை வெளியே இழுத்து விடுங்கள்.

7. ஒருவருக்கு வேறு வேலையே கொடுக்காதீர்கள். கடிகாரத்தோடு உட்கார்ந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மூச்சு எண்ண வேண்டும், ஈறின் நிறம் பார்க்க வேண்டும். ஈறை விரலால் அழுத்தி விட்டால் இரண்டு நொடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். திரும்பவில்லை என்றால் கடைமடைக்குத் தண்ணீர் போகவில்லை என்று அர்த்தம். உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

8. எழும்வரை மற்ற பன்றிகளோடு விடாதீர்கள், கடித்துக் குதறிவிடும். பெரிய பன்றிக்கு நிழலும் ஈரச் சாக்கும், சின்னக் குட்டிக்கு வைக்கோலும் கதகதப்பும். சின்ன உடம்பு மயக்கத்தில் சீக்கிரம் குளிர்ந்துவிடும்.

9. "சீக்கிரம் எழுப்பிவிடுங்கள்" என்று டாக்டரை அவசரப்படுத்தாதீர்கள். சைலசினுக்கு மாற்று மருந்து உண்டு, கெட்டமினுக்கு இல்லை. சைலசினை மட்டும் முறித்தால் கெட்டமின் தனியாக நின்று பன்றியை விறைக்கவும் துள்ளவும் வைக்கும்.

"இயற்கை விவசாயிக்கு மயக்க ஊசி எதற்கு?"

இப்படி ஒரு நண்பர் என்னைக் கேட்டார். முன்னெல்லாம் பிளேடால் கீறிச் சாம்பலைத் தடவினோமே என்றார். முன்பு நடந்தது என்பதால் வலிக்காமல் இருந்தது என்று ஆகாது. வலியே இதயத்துக்கு ஒரு பாரம்தான். சுவிட்சர்லாந்தில் 2010-லிருந்தும் ஜெர்மனியில் 2021 ஜனவரி 1-லிருந்தும் மயக்கமோ மரப்போ இல்லாமல் பன்றிக்குட்டியைக் காயடிக்கக் கூடாது. நம் நாட்டிலும் பிராணிவதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் 2023-இல் வந்த விதிகள், காயடிப்பதைப் பதிவுபெற்ற கால்நடை மருத்துவர் மயக்கமோ மரப்போ கொடுத்துச் செய்ய வேண்டும் என்கின்றன. இயற்கைத் தரநிலைகளும் பிராணியின் வேதனையைக் குறைக்க மயக்க மருந்தைத் தடுப்பதில்லை. விற்பனைக்கு விட வேண்டிய காத்திருப்பு நாள்களைத்தான் கூடுதலாகக் கேட்கின்றன. எந்த மருந்து, எந்தத் தேதி என்று எழுதி வையுங்கள். அந்த நாள்கள் கழியும்வரை இறைச்சிக்கு அனுப்பாதீர்கள்.

ஊசியையே குறைப்பதுதான் நமக்கு நல்ல வழி. முதல் வாரத்திலேயே குட்டிகளை டாக்டரிடம் காட்டினால் பெரும்பாலும் மரப்பு ஊசியோடு முடிந்துவிடும், முழு மயக்கம் தேவைப்படாது. குடலிறக்கம் பரம்பரையாகவும் வரும். எந்தக் கிடாயின் குட்டிகளில் திரும்பத் திரும்ப வருகிறதோ அந்தக் கிடாயை இனப்பெருக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள். நானும் எடுத்துவிட்டேன்.

அதன் தம்பி

அதே ஈற்றில் பிறந்த இன்னொரு குட்டிக்கும் அதே குறை இருந்தது. ஆனி மாதம் ஒரு விடியற்காலையில் டாக்டரம்மா வந்தார்கள். இந்தத் தடவை எடை போட்டிருந்தேன், 42 கிலோ. முந்தின இரவோடு தீனி நிறுத்தியாச்சு. கொட்டடி நிழலில் இருந்தது. கழுத்தில் ஒரே ஊசி, பிறகு எல்லோரும் வெளியே. பன்னிரண்டாவது நிமிடம் தானாகப் படுத்தது.

அவர்களுடைய உதவியாளர் ஸ்டெதஸ்கோப் வைத்துச் சொல்லச் சொல்ல நான் நோட்டில் எழுதினேன். 34 வருடம் லெட்ஜர் எழுதிய கை, சும்மா இருக்குமா? ஊசிக்கு முன் இதயத்துடிப்பு 96, வெப்பம் 39.1. படுத்தவுடன் 84. அறுவை பாதியில் 88, ஈறு சிவப்பு. தைத்து முடிக்கும்போது 82, வெப்பம் 38.3. ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்து முன்னங்காலை ஊன்றியது, விழுந்தது, மறுபடி ஊன்றியது. சாயங்காலம் கஞ்சி குடித்தது.

அந்த நோட்டின் முதல் பக்கத்தில் அண்ணன்காரனுக்கும் ஒரு வரி எழுதி வைத்திருக்கிறேன். தேதி, நேரம், "எடை பார்க்கவில்லை" என்று. மருந்து, அளவு, துடிப்பு, வெப்பம் எல்லாக் கட்டமும் காலி.